உப்பு இரண்டு வகை: பழைய எஸ்பிரஸ்ஸோ மெஷின் வாங்கும் வணிகர்கள் கவனத்திற்கு

கல்யாண வீடுகளில் பந்திக்குப் போகும் வழியில், பளபளக்கும் உருளை ஒன்றை மேசைமீது நிறுத்தி, பால் டம்ளருக்குள் குழாயை விட்டுப் 'புஸ்' என்று ஆவி அடித்து, மேலே ஒரு சிட்டிகை சாக்லெட் தூளைத் தூவித் தருவார்களே, அதைத்தான் நம்மில் பெரும்பாலோர் நெடுநாளாக 'எக்ஸ்பிரஸ் காபி' என்று அழைத்து வந்தோம். அதைக் குறை சொல்ல நாம் முன்வரவில்லை. ஐப்பசி அடைமழையில் நடக்கும் முகூர்த்தத்தில் அந்தச் சூட்டுக்கு ஈடு இணை கிடையாது. ஆனால் இத்தாலிக்காரர்கள் எஸ்பிரஸ்ஸோ என்று சொல்வது வேறு சரக்கு. நைசாக அரைத்த காபித்தூளைச் சிறிய சல்லடைக் கிண்ணத்தில் அமுக்கி வைத்து, 90 முதல் 96 டிகிரி வரை சூடேறிய தண்ணீரை, காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு அழுத்தத்தில் அதனூடே செலுத்தி, அரை நிமிடத்துக்குள் கெட்டியான டிகாக்‌ஷனை இறக்குவதே அது. நம் பில்டரில் ராத்திரி போட்டுக் காலையில் எடுப்பதை அவர்கள் அரை நிமிடத்தில் எடுக்கிறார்கள், அவ்வளவுதான் என்று சொன்னால் இத்தாலிக்காரரும் கோபித்துக்கொள்வார், கும்பகோணத்துக்காரரும் கோபித்துக்கொள்வார்.

இந்த மெஷினின் பூர்வோத்தரம் வணிகர்களுக்குச் சுவையானது. 1884இல் டூரின் நகரின் ஏஞ்சலோ மொரியோண்டோ என்பவர் ஆவியால் இயங்கும் காபி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1901இல் மிலான் நகரின் லூயிஜி பெஸ்ஸெரா, கேட்பவருக்கு உடனே ஒரு கோப்பை இறக்கித் தரும்படி அதை மாற்றி அமைத்தார். அவரிடமிருந்து உரிமையை வாங்கிக் காசாக்கியவர் டெசிடேரியோ பவோனி. கண்டுபிடித்தவர் ஒருவர், கல்லாவில் அமர்ந்தவர் மற்றொருவர். இது நமக்குப் புதிய செய்தி அல்ல. வெறும் ஆவி அழுத்தம் போதாமல் காபி காந்தல் ருசி அடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அக்கில் காஜியா நெம்புகோல் வைத்து அழுத்தத்தைக் கூட்டினார். 1961இல் வந்த பேமா கம்பெனியின் 'ஈ-61' மாடலில் அந்த வேலையை மின்சாரப் பம்பு எடுத்துக்கொண்டது. பம்பால் அழுத்தம் கொடுக்கும் அதே முறையை வெகுவாகச் சிறிதாக்கி வீட்டுச் சமையலறை மேடைக்கு ஏற்றபடி செய்ததுதான் இன்று நாம் பேசப்போகும் வீட்டு மெஷின்.

1996இல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் கபே காபி டே முதல் கடையைத் திறந்தபோது, இந்தக் காபி நம் ஊர்ப் பக்கம் வரும் என்று யாரும் எண்ணவில்லை. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும், கோவளத்தில் அலைச்சறுக்கு விளையாட வரும் பிள்ளைகளுக்காகவும், மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் வெளிநாட்டுப் பயணிகளுக்காகவும் இது ஓடுகிறது. பேக்கரி, ஜூஸ் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் கடைக்கென்று செய்த பெரிய மெஷின் லட்சங்களில் நிற்கிறது. ஆகவே வேலை மாற்றலாகிப் போகிறவர்களும், விடுதியை மூடுகிறவர்களும் விற்கும் பழைய வீட்டு மெஷின்மேல் கண் போகிறது. அப்படி வாங்கப்போன ஒருவரோடு சுற்றியதில் நாம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். அவருக்கு ஒரு மெஷின் பிழைத்தது. மற்றொன்று, நல்லவேளையாக, வாங்கப்படாமல் போயிற்று.

மறைமலைநகர் மெஷின்

நம் உறுப்பினர் செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. சாலையில் (வரி அல்ல, சாலைதான்) பேக்கரி வைத்திருக்கிறார். மறைமலைநகரில் வேலை மாற்றலாகி வடக்கே போன ஒரு குடும்பம், இத்தாலியில் செய்த வீட்டு மெஷினை 14,000 ரூபாய்க்குக் கொடுத்தது. விளக்கு எரிகிறதா என்று பார்த்தார், எரிந்தது, வாங்கி வந்துவிட்டார். கடையில் வைத்துப் போட்டால் பம்பு 'கர்ர்' என்று கத்துகிறது, தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது, அதுவும் பச்சைத் தண்ணீர். மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடையில் காட்டினார். "எலிமெண்ட் போயிடுச்சுண்ணே, பாய்லரோட மாத்தணும், அது இங்க கிடைக்காது" என்று கையை விரித்துவிட்டார்கள். அன்று இரவு நம்மிடம் வந்து, "அண்ணாச்சி, பதினாலாயிரத்தக் கடல்ல போட்டுட்டேன்" என்றார். தீபாவளிப் பலகாரத்துக்கு வாங்கிய கடனில் எடுத்த பணம் அது. வீட்டுக்கும் தெரியாது.

'எலிமெண்ட் போய்விட்டது' என்பதை யார் சொன்னாலும் உடனே நம்பாதீர்கள். ஒரு மல்டிமீட்டர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. மெஷினின் பின்புறத் தகட்டில் எத்தனை வாட் என்று இருக்கும். 230ஐ 230ஆல் பெருக்கி அந்த வாட்டால் வகுத்தால், நல்ல எலிமெண்ட் காட்ட வேண்டிய ஓம் அளவு வரும். 1,000 வாட்டுக்கு ஏறத்தாழ 53 ஓம். 1,300 வாட்டுக்கு 41 ஓம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எலிமெண்டின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தோம். அளவு சரியாகவே இருந்தது. பின் ஏன் சூடேறவில்லை? பாய்லர்மேல் ஒட்டியிருந்த வெப்ப பியூஸ் அறுந்திருந்தது. சூடு அளவு மீறினால் தானே அறுந்துகொண்டு மெஷினைக் காக்கும் சிறு பொருள் அது. சில நூறு ரூபாய் சமாசாரம். அதை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டியிருந்தால் மறுபடியும் அறுந்திருக்கும். சூடு ஏன் அளவு மீறியது என்பதே கேள்வி.

பாய்லரைத் திறந்ததும் விடை கிடைத்தது. நான்கு திருகாணிகளைக் கழற்றி இரண்டு பாதிகளையும் பிரித்தால், உள்ளே எலிமெண்டைச் சுற்றித் தேங்காய் ஓட்டுக் கனத்துக்கு வெள்ளைக் கட்டி. எலிமெண்டின் சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, பியூஸை அறுத்திருக்கிறது. தண்ணீர் போகும் துளைகளும் அடைபட்டதால்தான் சொட்டுச் சொட்டாக வந்தது. அந்தக் குடும்பம் வசித்த அடுக்குமாடியின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை மூன்று வருடம் ஊற்றியிருக்கிறார்கள்.

ஸ்குரூ டிரைவரையும் சுத்தியலையும் எடுத்தார் நம் நண்பர். பக்கத்தில் கல் செதுக்குகிற ஊர் இருக்கிறது என்பதற்காக இதையும் செதுக்க வேண்டியதில்லை என்று தடுத்தோம். செதுக்கினால் உலோகம் கீறும், எலிமெண்டின் உறை கிழியும். மளிகைக் கடையிலேயே விற்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், லிட்டருக்கு 20 கிராம் என்று வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, மின்முனைகள் நனையாதபடி பாய்லர் பாதிகளை அதில் அமிழ்த்தினோம். சோடா போலப் பொங்கியது. பொங்குவது நின்றதும் கரைசலைக் கொட்டிப் புதிதாகக் கலந்தோம். மூன்றாம் தடவையில் உள்ளே பளிச்சென்று உலோகம் தெரிந்தது. நடுவில் வரும் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டு மூடினோம். மறுநாள் காலை முதல் காபி இறங்கியது. ருசி சுமார்தான்; ஆனால் நம் நண்பர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பருப்பு வேகாத தண்ணீரும் கரிக்கிற தண்ணீரும்

நம் பேச்சு வழக்கில் தண்ணீர் இரண்டே வகை: நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர். கெய்சரில் வெள்ளை படிந்தாலும் 'உப்பு பிடித்திருக்கிறது' என்போம். கடலோர வீட்டில் கம்பி துருப்பிடித்தாலும் 'உப்புக் காத்து' என்போம். பேச்சுக்கு அது போதும். மெஷினுக்குப் போதாது.

செங்கல்பட்டுப் பகுதி பாறை நிலம். ஆழ்துளைக் கிணற்றில் வரும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கரைந்திருக்கும். இதுதான் கடினநீர், பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. இதைச் சூடாக்கினால் சுண்ணாம்பு பிரிந்து கல்லாகப் படியும். மெஷினை அடைக்கும், மூச்சுத் திணற வைக்கும், ஆனால் உலோகத்தைத் தின்னாது. எலுமிச்சை உப்பு அதைக் கரைத்துவிடும். மறைமலைநகர் மெஷின் பிழைத்தது இதனால்தான்.

கடலோரத்தில் கதை வேறு. அங்கே மணலுக்கு அடியில் ஊறிய மழைத் தண்ணீரை மிதமிஞ்சி இறைக்கும்போது, கடல்நீர் உள்ளே ஏறிக் கலக்கிறது. அதில் இருப்பது நம் சாப்பாட்டு உப்புதான். வாயில் வைத்தால் கரிக்கும். அந்த உப்பில் உள்ள குளோரைடு படிவதில்லை, அரிக்கிறது. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்ற நம் நம்பிக்கையைப் பொய்யாக்குவது அதுதான். சூடான குளோரைடுத் தண்ணீர் எவர்சில்வரில் ஊசிமுனைத் துளைகளைப் போடும், முக்கியமாகப் பற்றவைத்த இடங்களில். வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும். துளை விழுந்த உலோகத்துக்கு எந்த அமிலமும் மருந்தில்லை.

இப்போது எல்லோரும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு எண் சொல்கிறார்கள். அது கரைந்திருக்கும் மொத்த உப்பைத்தான் காட்டும். எந்த உப்பு என்று காட்டாது. செங்கல்பட்டில் 700, மாமல்லபுரத்தில் 700 என்றால் இரண்டும் ஒரே தண்ணீர் என்று எண்ணிவிடக் கூடாது. இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் இல்லாதபோது 600 வரை அனுமதி. குளோரைடு முறையே 250, 1,000. இவை மனிதருக்கான கணக்கு. காபி மெஷின் தயாரிப்பாளர்கள் பலர் குளோரைடு 50க்குள் இருக்கட்டும் என்கிறார்கள். ஆக, நாக்குக்குக் கரிக்காத தண்ணீரும் மெஷினுக்குக் கரிக்கலாம். கடினத்தன்மையைப் பார்க்க, வண்ணமீன் கடைகளில் சொட்டு மருந்துப் பெட்டி கிடைக்கும்; சென்னை கொளத்தூர் பக்கம் போகிறவர்கள் வாங்கி வரலாம். குளோரைடுக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துப் பார்ப்பதே உத்தமம்.

ஒரு சின்ன ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறோம். மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு இயங்குகிறது. 2024இல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்றும் வந்தது. அந்தத் தண்ணீர் குழாய் வழியே சென்னையை நோக்கிப் போகிறது. அதே கரையில் கடை வைத்திருப்பவர்கள் கேன் தண்ணீர் வாங்கிக் காபி போடுகிறார்கள்.

மாமல்லபுரம் மெஷின்

முதல் மெஷின் பிழைத்த தைரியத்தில் நம் நண்பர் இரண்டாவது ஒன்று தேடினார். மாமல்லபுரத்தில் ஒரு விடுதிக்காரர், அதே கம்பெனி, அதே மாடல், 9,000 ரூபாய் என்றார். 2020 மார்ச்சில் கொரோனாவால் சுற்றுலா விசாக்கள் நிறுத்தப்பட்டு, 2021 நவம்பரில்தான் மறுபடி திறந்தன. அந்தக் காலம் முழுவதும் மெஷின் உள்ளே தண்ணீரோடு, மூடிய அறையில் இருந்திருக்கிறது. துணி போட்டு மூடி வைத்திருந்தார். பார்வைக்குப் புதிது போல இருந்தது. பாய்லரில் சுண்ணாம்பு துளியும் இல்லை. "பாருங்க அண்ணாச்சி, எவ்வளவு சுத்தம்" என்று நம் நண்பர் பூரித்துப்போனார்.

பிளக்கைச் சொருகினோம். முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. சூடேறத் தொடங்கியதும் விடுதியின் மின்கசிவுத் தடுப்பான், நாம் 'ட்ரிப்பர்' என்கிறோமே அது, விழுந்து அறையே இருண்டது. ஏற்றினோம், மறுபடி விழுந்தது. "பழைய ட்ரிப்பர் சார் அது. நேரா லைன்ல குடுத்தா நல்லா ஓடும், நானே ஓட்டியிருக்கேன்" என்றார் விடுதிக்காரர். நம் நண்பருக்கும் ஆசை விடவில்லை. "நம்ம கடையில ட்ரிப்பரே இல்லையே அண்ணாச்சி, அங்க ஓடிரும்ல?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை வாசகர்கள் இன்னொரு முறை படிக்க வேண்டுகிறோம். ட்ரிப்பர் விழுந்ததன் அர்த்தம், மின்சாரம் மெஷினின் உடம்பு வழியே கசிகிறது என்பது. மீட்டரை எலிமெண்டின் முனைக்கும் பாய்லர் உடம்புக்கும் இடையே வைத்தோம். தொடர்பே காட்டக் கூடாத இடத்தில் தொடர்பு காட்டியது. எலிமெண்டின் உறையில் ஊசித்துளை. அதன் வழியே தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. பாய்லரின் பற்றவைப்பு ஓரத்திலும் பழுப்புக் கசிவு. ட்ரிப்பர் இல்லாத கடையில், எர்த் இல்லாத இரண்டு கம்பி எக்ஸ்டென்ஷனில், ஈரத் தரையில் நின்றுகொண்டு ஒரு பையன் இந்த மெஷினின் கைப்பிடியைத் தொட்டிருந்தால் என்ன ஆகும்? நம் நண்பரின் பேக்கரியில் காபி மேடையில் நிற்பது அவருடைய அக்காள் மகன். அவர் வேறு ஒன்றும் பேசவில்லை. திரும்பி வந்த அன்றே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 30 மில்லி ஆம்பியர் ட்ரிப்பரும் முறையான எர்த்தும் போட்டார். எதற்கும் முன்னால் அந்தச் செலவுதான் முதற்செலவு.

அழுக்கு மூன்று, மருந்தும் மூன்று

இனி, நல்ல மெஷின் கையில் இருந்தால் அதைப் பேணும் முறை. எல்லா அழுக்கையும் ஒரே மருந்தால் எடுக்கப் பார்ப்பதே நம்மவர் செய்யும் தவறு.

சுண்ணாம்புக்கு அமிலம். மேலே சொன்ன எலுமிச்சை உப்புக் கரைசலைத் தொட்டியில் ஊற்றி, காபி வாய் வழியும் ஆவிக் குழாய் வழியும் சிறிது சிறிதாக இறக்கி, இடையிடையே நிறுத்தி ஊறவிட வேண்டும். மொத்தம் அரைமணி போதும். அலுமினியப் பாய்லர் என்றால் ஊறும் நேரத்தைக் குறையுங்கள். அமிலம் அலுமினியத்தையும் பதம் பார்க்கும். பிறகு தொட்டி இரண்டு முறை நிரம்பும் அளவு நல்ல தண்ணீர் ஓட்டிக் கழுவுங்கள். இதில் சோம்பல் கூடாது. பித்தளைப் பாகங்களில் சிறிதளவு ஈயம் இருப்பதுண்டு. அமிலம் போட்ட உடனே வரும் தண்ணீரில் அது கூடுதலாக இறங்கும் என்று ஜெர்மனியில் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். முதல் காபியை வாடிக்கையாளருக்குக் கொடுக்காதீர்கள். கனமாகப் படிந்த மெஷினில் இப்படி மேலோட்டமாக அமிலம் ஓட்டுவதும் ஆபத்து. பெயர்ந்த சில்லுகள் வால்வில் போய் அடைக்கும். அதற்குத் திறந்து ஊறவைப்பதுதான் வழி. பாத்ரூம் கழுவும் ஆசிட்டை மட்டும் மறந்தும் தொடாதீர்கள். ஒரே நாளில் கடற்கரை செய்யும் வேலையைச் செய்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலத்தையும் சேர்த்தால் எழும்பும் வாயு ஆளையே சாய்த்துவிடும்.

காபி எண்ணெய்க்குக் காரம். காபிக்கொட்டையில் எண்ணெய் உண்டு. அது சல்லடையிலும் கிண்ணத்திலும் கறுப்பாகப் பிடித்து, நாலு நாளில் சிக்கு வாடை அடிக்கும். 'காபி நல்லாத்தான் இருந்தது, இப்போ கசக்குது' என்று வாடிக்கையாளர் சொன்னால் தூளை மாற்றுவதற்கு முன் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் ஒரே திருகாணிதான். எண்ணெயை அமிலம் தொடாது. சோடியம் பெர்கார்பனேட் கலந்த காபி மெஷின் பவுடர் விற்கிறது. சுடுநீரில் கரைத்து உலோகப் பாகங்களை அரைமணி ஊறவைத்தால் கறுப்பு தானே கழன்று வரும். மூன்றுவழி வால்வு உள்ள மெஷினில் துளையில்லாத கிண்ணத்தை மாட்டி இந்தப் பவுடரைப் போட்டு, பத்து வினாடி ஓட்டி நிறுத்தி, மீண்டும் ஓட்டி உட்புறத்தையும் கழுவலாம். வால்வு இல்லாத மெஷினில் இதைச் செய்யக் கூடாது. அழுத்தம் வெளியேற வழியின்றி உள்ளேயே நிற்கும்; கைப்பிடியைத் திருப்பினால், ஆவி அடங்காத குக்கரைத் திறந்த கதைதான்.

பாலுக்கு மருந்து ஈரத்துணியும் உடனடிக் கையும். பால் நுரைத்த மறுகணமே ஆவிக் குழாயைத் துடைத்து, ஒரு முறை ஆவியை வெளியே விட்டுவிட வேண்டும். விட்டால் காய்ந்து துளை அடைக்கும். அதைவிட மோசம், ஆறும்போது பால் குழாய்க்குள் ஏறிப் பாய்லர் வரை போய்க் கெடும். இதற்கென்று ஒரு துணி, தனியாக. மேசை துடைக்கிற துணி அல்ல.

கைப்பிடியைச் சுற்றி தண்ணீர் கசிந்தால் ரப்பர் கேஸ்கட் இறுகிவிட்டது என்று பொருள். வருடத்துக்கு ஒன்று மாற்றுவது நல்லது. உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றையும் வெர்னியரில் அளந்து வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் கனம் மாறினாலும் கைப்பிடி சரியாகப் பூட்டாது. சைக்கிள் டியூபை வெட்டி வைத்த ஒருவரை நமக்குத் தெரியும். அவர் காபியில் பஞ்சர் கடை வாசனை வந்தது.

தூள் விஷயத்திலும் ஒரு சொல். சிக்கரி கலந்த பில்டர் தூள் இதற்கு ஆகாது. பசைபோல் இளகிச் சல்லடைத் துளைகளில் அப்பிக்கொள்ளும். சிக்கரி இல்லாத தூளை, அரவை நிலையத்தில் பில்டருக்குச் சொல்வதைவிட நைசாகக் கேட்டு வாங்குங்கள். இரட்டைக் கோப்பைக்கு 18 கிராம் என்றால் கிலோவுக்கு 55 முறை வரும். விலை போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வீட்டு மெஷின் சிறு பாய்லர் கொண்டது. மணிக்கு நான்கைந்து கோப்பை என்று நிதானமாகப் போடும் கடைக்கே அது பொருந்தும். மாலை நேரக் கூட்டத்துக்கு வரிசையாகப் போட்டால் நான்காவது கோப்பை ஆறிப்போய் வரும்.

எந்தத் தண்ணீர் ஊற்றுவது? கடலோரத்தில் ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோதான். கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். செங்கல்பட்டிலும் அதுவே நல்லது. ஆனால் சில மெஷின்கள் தண்ணீரில் உள்ள உப்பின் வழியே பாயும் மின்சாரத்தைக் கொண்டுதான் பாய்லர் நிரம்பியதை அறியும், சுத்த ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினால் 'காலி' என்றே காட்டிக்கொண்டிருக்கும். அப்போது கரிக்காத குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துகொள்ளலாம். சீசன் முடிந்து கடை மூடுகிறவர்கள் தொட்டியையும் பாய்லரையும் காலி செய்துவிட்டு மூடுங்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது போன்ற நாட்களில், பிளக்கையும் பிடுங்கி வைப்பது அவசியம்.

வாங்கப் போகும்போது

விற்பவர் வீட்டிலேயே, மெஷின் குளிர்ந்திருக்கும்போது போய்ச் சேருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் பழைய கசிவு தெரியாது. முதல் கேள்வி விலை அல்ல, 'எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள்?' என்பதுதான். வீட்டுக் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்தும் பாருங்கள். பின் தகட்டில் 220-240 வோல்ட் என்று இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது 120 வோல்ட் என்றிருக்கும், அதை நம் பிளக்கில் சொருகினால் அன்றோடு சரி. அடித்தட்டில் பழுப்புக் கறை இருந்தால் விளக்கு அடித்து அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ட்ரிப்பர் உள்ள இணைப்பில் போட்டு இருபது நிமிடமாவது முழுச் சூட்டில் ஓட விடுங்கள். சுண்ணாம்பு அடைத்த மெஷின் என்றால் விலையைப் பாதியாகக் கேட்கலாம். வேலைதான் அதிகம், பொருள் மிஞ்சும். துளை விழுந்த மெஷினை இனாமாகக் கொடுத்தாலும் ஓட்டுவதற்கென்று வாங்காதீர்கள்.

வாங்கிச் சரிசெய்து விற்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய பொருள் வியாபாரத்தில், உள்ளீட்டு வரி வரவு எடுக்காத பட்சத்தில், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் ஜி.எஸ்.டி. கட்டும் ஏற்பாடு விதி 32(5)இல் இருக்கிறது. லேசான சுத்தம், சிறு பழுது நீக்கம் வரைதான் இதற்கு இடம். உங்கள் ஆடிட்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

மாமல்லபுரம் மெஷினை விடுதிக்காரர் வெகுநாள் விற்க முடியாமல் வைத்திருந்தார். சென்ற மாதம் நம் நண்பர் போய், ஓட்டுவதற்கல்ல, உதிரிக்காக என்று சொல்லி 1,500 ரூபாய்க்குக் கேட்டு வாங்கி வந்தார். எலிமெண்டையும் பாய்லரையும் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார். பம்பு, கைப்பிடி, இரண்டு கிண்ணங்கள், ஆவிக் குழாயின் குமிழ் ஆகியவற்றை ஊறவைத்துக் கழுவி, பிஸ்கட் டின் ஒன்றில் போட்டுக் கல்லாவுக்குக் கீழே வைத்திருக்கிறார். டின்மேல் அக்காள் மகன் பேனாவால் எழுதியிருக்கிறான்: 'காபி மெஷின் சாமான், தொடாதே.'